முட்டுக் கொடுத்த மூடி

சமையற்கட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு மூடியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். குக்கர் மூடி, இட்டிலிப் பானை மூடி, ஊறுகாய் ஜாடி மூடி - எது எதற்குச் சேரும் என்று இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் சென்ற வருஷம் ஒரு கார் மூடியால் அடங்கிற்று. "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் வாலிப வயதில் ஒரு பிள்ளை இருந்தால் சம்பந்தம் தானாகவே வந்துவிடும்.

எங்கள் ஜாகை ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், சேலையூருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. என் பிள்ளைக்கு உத்தியோகம் கம்ப்யூட்டரில். உயிர் மட்டும் பழைய காரில். பின்சக்கரங்கள் உந்தி ஓடுகிற அந்தக் காலத்துக் கார் ஒன்றை வாங்கினான். அதன் எஞ்சினைப் பிரித்து, இழைத்து, பலத்தைக் கூட்டினான். அவ்வளவு பலத்தையும் பின்னால் தாங்க வேண்டியவன் யார் என்று அவனும் யோசிக்கவில்லை, அவன் சிநேகிதர்களும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் காதில் ஒரு சத்தம் விழுந்தது. வேகம் கூடினால் 'உய்ங்' என்று ஒரு முனகல். காலை எடுத்தால் சுருதி மாறுகிறது. கிரைண்டரில் உளுந்து வறண்டு போனால் கல் இப்படித்தான் புலம்பும்.

"பின்னால் ஏதோ அரைக்கிறதடா" என்றேன்.

"டயர் சத்தம் அம்மா" என்றான்.

மூன்றாவது வாரம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வண்டியை வெடுக்கென்று கிளப்பியபோது, 'படார்' என்று ஒரு சத்தம். பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலில் பல்சக்கரத்தின் இரண்டு பற்கள் போய்விட்டன. காரை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்.

அது போகட்டும். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மெதுவாக ஒரு சமாசாரம் வெளியே வந்தது. பந்தயத் தடத்தில் மட்டுமல்ல, நடுநிசியில் மேடவாக்கம் சாலையிலும் அவன் வண்டியை 'முயன்று பார்த்திருக்கிறான்'! உடைந்த பல் சக்கரங்களுக்கிடையே சிக்கினால் பின்சக்கரங்கள் ஓடுகிற ஓட்டத்தில் இறுகி நின்றுவிடுமாம். அந்தச் சாலையில் அது நடந்திருந்தால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். அதன் பிறகு இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. "காரை எடைக்குப் போட்டுவிடு" என்று நான் பேசினேன், இருவருக்கும் சேர்த்து.

இந்த நிலையில்தான் மேஸ்திரி வந்தார். எழுபதைத் தாண்டியவர். நமக்குப் பக்கத்திலேயே பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 1961-இலிருந்து அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாராயிற்று. அந்தக் காரில் டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்கும்; இரு பக்கமும் அச்சு இறக்கை மாதிரி ஏறி இறங்கும். நம் ஊர்க் குண்டு குழிகளுக்கு அது ஒத்துவரவில்லை என்று, 1970-களின் தொடக்கத்தில் வந்த கெஸல் காருக்கு ஒரே துண்டாகக் கெட்டியான பின் அச்சை வைத்தார்கள். சிறு பையனாக ஹெரால்டுகளின் கீழே படுத்துத் தொழில் கற்றவர் இந்த மேஸ்திரி. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களையும் பார்த்தவர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கும் முன்பு சோழவரம்தானே நம் ஊர்ப் பந்தயக்காரர்களுக்கு க்ஷேத்திரம்!

எனக்கும் புரியும்படி அவர் சொன்னார்: "கைகோத்துக்கிட்டு ரெண்டு குழந்தைங்க நடக்குதுன்னு வைங்கம்மா. தெருமுனையில திரும்பும்போது வெளிப்பக்கக் குழந்தை ஓடணும், உள்பக்கக் குழந்தை நிதானிக்கணும். ரெண்டு சக்கரத்துக்கும் அப்படி விட்டுக்கொடுக்கிறதுதான் டிஃபரன்ஷியல்."

எஞ்சினிலிருந்து வரும் பினியன் என்ற சிறு பல்சக்கரம், கிரௌன் என்ற பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுழற்றும்போதே அதை விலக்கித் தள்ளவும் பார்க்கிறது. கிரௌன் விலகாமல் காப்பவை இரு பக்கத்துப் பேரிங்குகள். பேரிங்குகளைப் பிடித்திருப்பவை அரைவட்டமான இரண்டு இரும்புத் தொப்பிகள். அளவுக்கு மீறிய பலம் திடீரென்று வந்தால் இந்தத் தொப்பிகள் மயிரிழை வளைந்து கொடுக்கும். அந்த மயிரிழை போதும். பல்லோடு பல் முழுசாகப் பொருந்தாமல் நுனியில் பாரம் ஏறும், பல் தெறிக்கும்.

பின்னால் இருக்கும் தகர மூடியோ எண்ணெயைக் காப்பதோடு சரி. அமெரிக்காவில் பந்தயக்காரர்கள் இதற்குப் பதில் கனத்த அலுமினிய வார்ப்பு மூடி போடுகிறார்கள். அதில் இரண்டு திருகாணிகள் உள்ளே நீண்டு, அந்தத் தொப்பிகளுக்குப் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்கும். மண்சுவர் சாயாமல் நாம் மரத்தை முட்டுக் கொடுப்போமே, அதேதான்.

எங்கள் காருக்கு அப்படி ஒரு மூடி கடையில் கிடைக்கவில்லை. செய்துகொள்ள வேண்டியதுதான் என்றார் மேஸ்திரி. மைசூர்பாகு டப்பாவின் அட்டையை நான்தான் கொடுத்தேன். அதில் ஆணித் துளைகளைப் பென்சிலால் பதித்து எடுத்துப் போனார்கள். கிண்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் கனத்த அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார்கள். விலையைக் கேட்டு நான் மூர்ச்சை போடாததுதான் பாக்கி!

ஆனால் மூடி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. முதலில் புது கிரௌனும் பினியனும், புது பேரிங்குகளும் போட்டார் மேஸ்திரி. பற்களில் மஞ்சள் நிறப் பசை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு மாதிரி இருந்தது எனக்கு. பிறகு ஊற்றின எண்ணெயில் கந்தகச் சேர்மானம் உண்டாம்; பெருங்காய டப்பாவைத் திறந்தாற்போல் வாசனை!

கடைசியில் திருகாணிகளை முடுக்கும் கட்டம். பிள்ளை ஸ்பானரை எடுத்துக்கொண்டு பலமாக வளைத்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவ்வளவு இறுக்கினா தொப்பி பேரிங்கை நசுக்கும். பேரிங் சூடேறிச் செத்துப்போகும். ஆணி போய்த் தொடணும், அவ்வளவுதான். சும்மா இருக்கிறப்போ அழுத்தக் கூடாது. பாரம் வர்றப்போ விலக விடாம நிக்கணும். அந்த இடத்துல பூட்டு நட்டைப் போட்டு நிறுத்திடு."

டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவன் அப்பா. எப்போது வந்து நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு அப்பா" என்றான் பிள்ளை. அவரும் காட்டினார். பேச்சு அப்படித்தான் திரும்பிற்று.

காரை விற்கச் சொல்லி நான் பிறகு பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வேகம் பந்தயத் தடத்தில் மட்டும், சாலையில் கிடையாது. தடத்துக்குப் போகிற நாளில் அப்பாவும் கூடப் போவார். இதுவரை அவன் வார்த்தை தவறவில்லை. ராத்திரி வண்டி எடுத்தால் எனக்குத் தூக்கம் வராது என்பதும் மாறவில்லை. ஆனால் வாசலுக்கு வந்து கேள்வி கேட்பதில்லை. விளக்கை மட்டும் போட்டு வைக்கிறேன்.

பழைய தகர மூடி என்ன ஆயிற்று என்கிறீர்களா? ரோஜாத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தாங்குகிறது. வீட்டில் எந்த மூடியையும் நான் எறிவதில்லை.