பாக்குத் தோப்புக்குள் ஒரு வெள்ளித் திரை

கர்நாடகத்தின் மலைநாட்டில், சாகர் நகரிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடுகிறது ஹெக்கோடு. இறங்கியதும் பாக்குத் தோப்புகள், ஓட்டு வீடுகள். இந்த ஊருக்கும் உலக சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருபவர் யோசிக்கக்கூடும். ஆனால் குரோசவாவும் சத்யஜித் ராயும் இங்கே பழைய விருந்தாளிகள்.

அவர்களை அழைத்து வந்தவர் கே.வி. சுப்பண்ணா. எழுத்தாளர், நாடகக்காரர், பாக்கு விவசாயி. 1949-ல் தொடங்கிய 'நீனாசம்' நாடகச் சங்கம் 1972-ல் சிவராம காரந்த் பெயரில் அரங்கம் கட்டியது. மறு ஆண்டே திரைப்படச் சங்கமும் பிறந்தது. கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் புரியுமா என்ற கேள்விக்கு சுப்பண்ணாவின் பதில், படத்தைப் போட்டுக் காட்டுவதுதான். காட்டியதோடு விடவில்லை. பார்த்ததைப் பற்றிக் கன்னடத்தில் பேசவும் பழக்கினார். 1979-ல் புனேயின் சதீஷ் பகதூர் வந்து ரசனைப் பாடம் நடத்தினார். 1991-ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2005-ல் அவர் மறைந்தார். அவர் ஏற்படுத்திய பழக்கம் மறையவில்லை.

இந்த ஊருக்கு கிரீஷ் காசரவள்ளி வெளியாள் அல்ல. சுப்பண்ணா அவருக்குத் தாய்மாமன் முறை. பக்கத்துத் தீர்த்தஹள்ளி தாலுகாவின் கெசலூரில் பிறந்து, டூரிங் டாக்கீஸில் படம் பார்த்து வளர்ந்தவர். மருந்தியல் படித்துவிட்டு, அந்தத் துறையை விட்டு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர். 'கடஶ்ராத்த' (1977) தொடங்கி நான்கு முறை தங்கத் தாமரை வாங்கியவர். நகரத்து விழாவில் இப்படிப்பட்டவரைச் சுற்றி காமிராக்கள் நிற்கும். இங்கே சுற்றி நிற்பது கேள்விகள்.

அதிலும் 'த்வீப' (2001) என்றால் கேள்விகள் கூர்மையாகும். அணை நீர் ஏறுகிறது, ஊர் காலியாகிறது, ஒரு குடும்பம் மட்டும் குன்றைவிட்டு நகர மறுக்கிறது. மூலக்கதையை எழுதிய நா. டிசோசா சாகர்க்காரர். ஷராவதி நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1964-ல் முடிந்த லிங்கனமக்கி அணை இதே தாலுகாவில்தான் இருக்கிறது. நிலத்தை விழுங்கிய நீர், கர்நாடகத்துக்கு மின்சாரம் தந்தது. அந்த நீருக்கு அக்கரையில் சிக்கிக்கொண்ட ஊர்கள், 2025-ல் சிகந்தூர் பாலம் திறக்கும்வரை பல காலம் லாஞ்சையே நம்பியிருந்தன. ஆக, சாகர்ப் பக்கத்துப் பார்வையாளருக்குத் திரையில் ஏறும் தண்ணீர் கற்பனையல்ல. தாத்தாவின் வயல்மேல் நிற்பது.

படத்தின் முடிவில் மழை ஓய்கிறது. ராப்பகலாகப் போராடி வீட்டைக் காத்தவள் நாகி. செளந்தர்யா தானே தயாரித்து நடித்த பாத்திரம் அது. கணவனோ எல்லாம் தெய்வத்தின் செயல் என்று நினைக்கிறான். நாகியின் உழைப்பு அவன் கணக்கில் சேரவில்லை.

அந்தக் கணக்கை யார் சரிசெய்வது? சென்னையிலோ டில்லியிலோ இது அழகான திரைக்கதை முடிவு. ஹெக்கோட்டிலோ, விளக்கெரிந்த பிறகும் எழுந்து போகவிடாத சங்கதி. நிலம் போனதற்கு நஷ்டஈடு எழுதியவர்கள், நிலத்தில் உழைத்த பெண்ணுக்கு என்ன எழுதினார்கள்? நல்ல இயக்குநரை நேரில் பார்த்தால் கையெழுத்து வாங்கத் தோன்றும். நீரில் ஊரைத் தொலைத்தவர்களுக்கு அவரிடம் கேட்க வேறு விஷயம் இருக்கிறது.