கையும் காற்றும்

1952ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் பற்றிக்கொண்டது. நகரின் பிளெக்டம் தொற்றுநோய் வைத்தியசாலைக்குச் சில நாட்களில் ஐம்பது நோயாளர் வரை கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பலருக்குக் கைகால்கள் மட்டுமன்றி, விழுங்கும் தசைகளும் மூச்சுவிடும் தசைகளும் செயலிழந்திருந்தன. அங்கிருந்த சுவாசக் கருவிகளோ ஓர் இரும்புக் கூடும், மார்பிற் கவசம்போற் பொருத்தும் ஆறு கருவிகளுமே. தொடக்கக் கிழமைகளில் அவற்றின் துணையோடு சிகிச்சை பெற்ற 31 பேருள் 27 பேர் மாண்டனர்.

மாண்டவர்களின் குருதியைச் சோதித்தபோது அதிற் காபனீரொட்சைட்டின் அளவு மிகுந்திருந்தது. குருதி காரத்தன்மை அடைந்ததன் அடையாளம் அது என வைத்தியர்கள் கருதினர். தலைமை வைத்தியர் லாசன் ஆலோசனைக்கு அழைத்த மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சனோ அதனை வேறுவிதமாக வாசித்தார். உள்ளே தோன்றும் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. நோயாளர் மூச்சு முட்டியே சாகின்றனர் என்றார். ஒரே எண், இரண்டு வாசிப்புகள். ஒன்று சாவை விளக்க முயன்றது; மற்றது அதனைத் தடுக்க முயன்றது.

ஓகஸ்ற் 27ஆந் திகதி, சாகுந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இப்சனிடம் ஒப்படைக்கப்பட்டாள். கழுத்திலே துளையிட்டுக் குழாய் செலுத்தப்பட்டது. அவள் திமிறியதாற் காற்று உட்செல்லவில்லை. பார்த்து நின்றவர்கள், முடிந்தது எனக் கருதி ஒவ்வொருவராய் வெளியேறினர். இப்சன் மயக்கமருந்து கொடுத்தார், திமிறல் அடங்கியது, அவளுக்கென இருந்த சிறு மூச்சும் நின்றது. அதன் பின்னரே இறப்பர்ப் பையை அழுத்திக் காற்றைச் செலுத்த முடிந்தது. அவள் பிழைத்தாள்.

ஆயினும், பையை இடைவிடாது அழுத்துவது யார்? ஒரு மனிதரின் மூச்சு நாளொன்றுக்கு இருபதாயிரத்தை அண்மிக்கும். அழைப்புச் சென்றது பல்கலைக்கழகத்துக்கு. ஏறத்தாழ 1500 மாணவர் முறைவைத்து வந்து, கட்டிலருகே அமர்ந்து, கையாற் பையை அழுத்தினர். ஒரு கட்டத்தில் எழுபது நோயாளர் ஒரே வேளையில் இவ்வாறு உயிர் தாங்கப்பட்டனர். மொத்தம் 165,000 மணித்தியாலம் எனக் கணக்கிட்டுள்ளனர். பேச இயலாத பிள்ளைகளின் முகக்குறிப்பை மாணவர் படிக்கக் கற்றனர். கதை வாசித்துக் காட்டினர். சிலவேளை, தாம் மூச்சளித்த பிள்ளை தம் கண்முன்னேயே இறப்பதையும் கண்டனர். நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த இறப்புப் பாதியிலுங் குறைந்தது. அடுத்த ஆண்டின் மார்கழியில் அதே நகரின் மற்றொரு வைத்தியசாலையில் இப்சன் தனிப்பிரிவொன்றை அமைத்தார். இன்று அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என வழங்குவதன் தொடக்கம் அதுவே என்பர்.

கை களைக்கும், இயந்திரம் களைக்காது. ஆதலின் இயந்திரம் கையின் இடத்தைப் பிடித்ததில் வியப்பில்லை. ஆனால், எதிர்ப்பட்ட தடையை உணர்ந்து தளர்வதற்கு இயந்திரத்துக்குக் கையின் தோல் இல்லை. இக்குறை உடனே புலப்படவில்லை. 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து அஷ்பாவும் உடனாய்வாளரும் பன்னிரண்டு நோயாளரைப் பற்றி எழுதினர். விபத்து, தொற்று முதலிய வெவ்வேறு காரணங்களால் வந்தவர்கள். ஆயினும் எல்லோருக்கும் நுரையீரல் நீர்கோத்து விறைத்து, ஒட்சிசன் கொடுத்தும் குருதியிற் சேராதிருந்தது. இத்தகையோருக்கு, உடல் நிறையின் கிலோகிராமொன்றுக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் காற்றை ஒவ்வொரு மூச்சிலும் செலுத்துவது வழக்கமாயிற்று. குருதி வாயுக்களின் எண்கள் அழகாக வரவேண்டும் என்பதே நோக்கம்.

1974இல் வெப், ரியேணி என்னும் இருவர் எலிகளின் நுரையீரலை உயர் அமுக்கத்தில் ஊதிப் பார்த்தனர். நலமாயிருந்த நுரையீரல்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் நீரால் நிறைந்தன. எண்பதுகளில் மிலான் நகரத்து கற்றினோனி, கணினிக் கதிர்ப்படங்களைக் கொண்டு வேறொன்றைக் காட்டினார். நோயுற்ற நுரையீரல் முழுவதும் விறைத்துப் போவதில்லை. பெரும்பகுதி அடைபட, எஞ்சிய சிறுபகுதியே மூச்சுவிடுகின்றது. வளர்ந்த மனிதரின் மார்புக்குள் குழந்தையின் நுரையீரல். பெரியவருக்கான காற்று முழுவதும் அதற்குள்ளேதான் திணிக்கப்பட்டு வந்தது.

1990இல் நியூசிலாந்தின் ஹிக்லிங் குழுவினர் துணிந்து மூச்சைச் சிறிதாக்கினர். அதனாற் காபனீரொட்சைட்டு உயர்ந்தது. உயரட்டும் என விட்டனர். இப்சன் எந்த வாயுவை வெளியேற்றி உயிர் காத்தாரோ, அதே வாயுவைத் தேங்கவிட்டு இவர்கள் உயிர் காத்தனர். எதிர்பார்த்ததிலும் குறைவானோரே இறந்தனர். இது முரண்பாடு அன்று. இரு தரப்பாரும் எண்ணை விட்டு நோயாளரைப் பார்த்தனர், அவ்வளவே.

ஐயத்துக்கு இடமின்றி விடை வந்தது 2000ஆம் ஆண்டில். அமெரிக்கப் பல்கலைக்கழக மையங்கள் பத்தில் 861 நோயாளர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறுக்கு 12 மில்லிலீற்றர், மற்றதற்கு 6. முதற் கூறில் நூற்றுக்கு 39.8 பேரும், இரண்டாவதில் 31.0 பேரும் இறந்தனர். சிந்திக்கத்தக்கது யாதெனில், முதல் நாட்களில் ஒட்சிசனின் எண் சிறப்பாக இருந்தது பெருமூச்சுப் பெற்ற கூறில்தான். அழகான எண்களுடன் அவர்கள் அதிகம் மாண்டனர்.

இருதயத்தின் கதையும் இதற்குத் தூரத்ததன்று. 1970இல் சுவான், கான்ஸ் என்போர் நுனியிற் சிறு பலூன் கொண்ட குழாயொன்றை நாளத்தின் வழியே இருதயத்துட் செலுத்தி, நுரையீரல் நாடியின் அமுக்கத்தை அளந்தனர். கடற்கரையிற் பாய்க்கப்பல்களைக் கண்டதே அவ்வெண்ணத்தைத் தூண்டியதாகச் சுவான் கூறியுள்ளார். இருபத்தைந்து ஆண்டு அதனை ஐயுற்றவர் சிலரே. 2005இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், குழாய் இட்டவர்களும் இடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இறந்தனர். நுட்பமாக அளந்ததனால் மட்டும் எவரும் பிழைக்கவில்லை.

மிகப் பயன் தந்தவற்றுள் ஒன்றோ விலையற்றது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கடும் நோயாளர் நாளொன்றுக்குப் பதினாறு மணித்தியாலமேனும் குப்புறக் கிடத்தப்பட்டனர். இருபத்தெட்டு நாட்களுள் இறந்தோர் நூற்றுக்கு 16. மல்லாந்தே கிடந்தோருள் ஏறத்தாழ 33. முதுகுப்புற நுரையீரல் திறக்கின்றது. வலப்பக்க இருதயத்தின் சுமையும் குறைகின்றது. வேண்டியவை குழாய்கள் கழலாமற் புரட்டத் தெரிந்த நான்கைந்து சோடிக் கைகளே.

இவையெல்லாம் நூலேறிய பின்னரும் நடைமுறை தயங்கியே நிற்கின்றது. ஐம்பது நாடுகளில் நடத்தப்பெற்று 2016இல் வெளிவந்த பேராய்வு, இந்நோயுற்றோருட் பத்துக்கு நான்கு பேரில் நோய் இனங்காணப்படவேயில்லை என்றது. கடும் நோயாளருட் குப்புறக் கிடத்தப்பட்டோர் நூற்றுக்குப் பதினாறு பேரே. மூச்சின் அளவைக் கணிப்பதும் உயரத்தைக் கொண்டேயன்றி, உடற்பருமனைக் கொண்டன்று. ஒருவர் கொழுத்தால் அவர் நுரையீரல் வளர்வதில்லை. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு உரியது ஏறத்தாழ 260 மில்லிலீற்றர். கட்டிலிற் கிடப்பவரின் உயரத்தைக் கண்மதிப்பாற் குறித்து, எல்லோருக்கும்போல் 500 வைத்துவிட்டால், அவளுக்குக் கிடைப்பது கிலோகிராமொன்றுக்குப் பதினொன்றரை. அதிகம் பேர் மாண்ட கூறின் அளவும் ஏறக்குறைய அதுவே. உயரங் குறைந்த பெண்களுக்கே இவ்வாறு மிகைக்காற்று அதிகம் செலுத்தப்படுகின்றது எனப் பின்வந்த ஆய்வுகள் கண்டன. தையற்காரர் கையிலிருக்கும் அளவுநாடா ஒன்றைக் கட்டிலோரம் தொங்கவிட்டு, தலையிலிருந்து குதிவரை ஒருமுறை அளந்தாற் போதும்.