இறங்கியது யார், இறக்கியது யார்?

ஆங்கிலத்தில் 'கிளெஃப்ட் சென்டென்ஸ்' என்று ஒன்று உண்டு. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் வைத்த பெயர்; பிளவு வாக்கியம் எனலாம். 'ரவி செட் இட்' என்பதை இரண்டாகப் பிளந்து 'இட் வாஸ் ரவி ஹூ செட் இட்' என்பார்கள். நமக்கு இது புதிதல்ல. 'ரவி சொன்னான்' என்பதை 'சொன்னது ரவிதான்' என்கிறோமே, அதேதான். நாம் ஆளைக் கடைசியில் நிறுத்துகிறோம், அவர்கள் முன்னால் கொண்டுவருகிறார்கள்.

பேச்சில் 'இட் வாஸ்' கூடப் பல நேரம் தேவையில்லை, 'ரவி'யை அழுத்திச் சொன்னால் போதும். அதிகம் காதில் விழுவது 'வாட்' வகை. அதிகாரிகள் கூட்டத்தில் கவனித்துப் பாருங்கள். 'வாட் ஹேப்பண்ட் வாஸ்...' என்று இழுத்துவிட்டால் யாரும் குறுக்கிடமாட்டார்கள், யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

இலக்கண ஆசையால் இதை எழுதவில்லை. பிளவு வாக்கியத்தில் ஒரு பாதிதான் விவாதத்துக்கு வருகிறது. மறுபாதி ஏற்கெனவே நடந்து முடிந்த சங்கதியாக உட்கார்ந்துகொள்கிறது. வாக்கியத்தையே மறுத்தாலும் அது எழுந்து போவதில்லை.

மலக்குழி மரணம் ஒன்று பற்றிய பேச்சுவார்த்தையில் ஒப்பந்ததாரர் தரப்பு 'அவங்களாத்தான் எறங்கினாங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சூடு ஏறியதும் ஒருவர் ஆங்கிலத்துக்குத் தாவினார்: 'இட் வாஸ்ன்ட் அஸ் ஹூ சென்ட் தெம் இன்.' நான் கேட்டேன்: 'தென் ஹூ வாஸ் இட் தட் சென்ட் தெம்?' அறை அமைதியானது. 'நாங்கள் அனுப்பவில்லை' என்றால் யாருமே அனுப்பாமலும் இருந்திருக்கலாம். 'அனுப்பியது நாங்கள் அல்ல' என்றால் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் இது சாட்சியமாகாது, தெரியும். ஆனால் 'அவங்களா எறங்கினாங்க' அத்தோடு நின்றது.

2013ஆம் ஆண்டுச் சட்டமும் இறக்கியவரைத்தான் தேடுகிறது. பாதுகாப்பில்லாமல் மலக்குழியைச் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் அமர்த்தக்கூடாது என்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. செய்தித்தாள்களோ இன்னும் 'குழிக்குள் இறங்கிய தொழிலாளர்கள்' என்றே எழுதுகின்றன. இறங்கிய, இறக்கப்பட்ட: சில எழுத்துகள்தான் வித்தியாசம்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பு வந்தபோது, நடந்த வாக்குவாதம் முழுவதும் 'பணியாளர்கள் உள்ளே சென்றது குறித்து விவாதிக்கப்பட்டது' என்று ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.