கடல் நீரில் திரிந்த பால்

வெளிதேசம் சென்று திரும்பியவரிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்பதல்ல, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான். எழுபத்திரண்டு வயதான நம் தாயாருடன் கொரியாவுக்குப் பிரயாணம் செய்தபோது இந்தக் கேள்வி நம்மையும் விடாமல் வாட்டியது. தாயார் மீன், மாமிசம், முட்டை எதையும் பிறந்தது முதல் தீண்டாதவர்.

ஸியோல் நகரில் உத்தியோகம் பார்க்கும் தம்பியின் வீட்டில் இருந்தவரையில் ரசமும் மோருமாகப் பொழுது கழிந்தது. கீழ்க்கடற்கரையைப் பார்க்கலாமென்று கிளம்பியதும் தொல்லை ஆரம்பித்தது. குழம்பு என்றால் அதில் நெத்திலிச் சாறு. கிம்ச்சி என்னும் கோஸ் ஊறுகாயிலோ உப்பிட்ட இறால். இரண்டு நாள் தாயார் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் கொண்டு காலந் தள்ளினார். "எனக்குப் பசியே இல்லையடா!" என்றார். தாய்மார்கள் சொல்லும் பொய்களில் இதைவிடப் பழைமையானது வேறொன்றும் இராது.

மூன்றாம் நாள் அதிகாலையில், காங்னுங் நகரத்தைச் சேர்ந்த சோதாங் என்னும் பகுதிக்குத் தம்பி எங்களை அழைத்துச் சென்றான். ஸியோலிலிருந்து நேரே வருவதானால் இது அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணிப் பிரயாணம். 2018-ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு, 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட பாதை. ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள். அவற்றுக்கு அப்பால் கடலின் இரைச்சல். தெரு நெடுகத் துபு விடுதிகள். துபு என்பது சோயா மொச்சையின் பாலைத் திரியச் செய்து எடுக்கும் வெண்ணிறக் கட்டி.

'சோதாங்' என்றால் புல் வேய்ந்த குடில். அது பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹோ யொப் என்ற பிரபுவின் புனைபெயர். இவ்வூர்க் கிணற்று நீரில் சோயாவை அரைத்துக் கடல் நீர் விட்டுத் துபு செய்வித்தவர் அவரே என்பது கர்ணபரம்பரை. அவருடைய குமாரி நான்ஸொல்ஹொன் பெரிய கவி. 1563-ல் பிறந்து 1589-ல் இளம் வயதிலேயே காலமானாள். அவள் பாடல்கள் பிற்பாடு சீன தேசத்தில் அச்சேறின. அவளுடைய ஞாபகார்த்த மண்டபம் பைன் மரங்களுக்கு நடுவே, விடுதிகளிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது.

நாம் நுழைந்த விடுதி படாடோபமில்லாதது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். தாயாரின் முகத்தில் முதல் தெளிவு அப்போதுதான் பிறந்தது. உள்ளே பெரிய கொப்பரையில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் ஊறிய சோயாவை அரைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி, அதில் கடல் நீரைச் சிறிது சிறிதாகத் தெளிக்கிறார்கள். கடல் நீரிலுள்ள மக்னீஸிய உப்புக்கள் பாலைத் திரியச் செய்கின்றன. மேகம் திரள்வதுபோல் மெத்தென்று திரண்டு மிதப்பதை அழுத்திப் பிழியாமல் அப்படியே அள்ளினால் அது ஸுன்துபு. அச்சிலிட்டு அழுத்தினால் துபு. நம் வீட்டில் பால் திரிந்தால் துக்கம். இங்கே திரிந்தால்தான் வியாபாரம்!

சிறையிலிருந்து விடுதலையாகி வருபவருக்கு வாசலிலேயே வெள்ளைத் துபுவை ஊட்டுவது கொரிய வழக்கம். இனி வாழ்வு வெள்ளையாக இருக்கட்டும் என்பது கருத்து. சிறை மீண்டவர்களை மாலையிட்டு வரவேற்ற தேசத்தவராகிய நமக்கு இது எளிதில் விளங்குகிறது. அந்நிய ஆட்சியிலிருந்து இவர்கள் விடுபட்ட நாளும் ஆகஸ்டு 15-தான். வருஷம் மட்டும் 1945.

விடுதிக்காரப் பாட்டிக்கும் தாயாரின் வயதுதான் இருக்கும். தம்பி விஷயத்தை விளக்கியதும், மேஜையில் வைத்த கிம்ச்சியையும் குழம்பையும் தானே எடுத்துச் சென்றாள். பதிலுக்கு ஆவி பறக்கும் வெண்மையான ஸுன்துபுவும், எவர்ஸில்வர்க் கிண்ணத்தில் சோறும், சோயாவை ஊறவைத்து வடித்த கருஞ்சாறும் கொண்டுவந்தாள். தாயார் ஒரு கரண்டி எடுத்து வாயிலிட்டு யோசித்தார். "பச்சைப் பயறு வாசனைதான். ஆனால் தொண்டையில் இதமாக இறங்குகிறது" என்றார். கிண்ணம் காலியாயிற்று. பாட்டி கேளாமலே இன்னொரு கிண்ணம் வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தில் புருஷர்களை இழந்த ஸ்திரீகள் பலர், துபு செய்து தலையில் சுமந்து விற்றுக் குழந்தைகளை வளர்த்தார்கள் என்று இவ்வூரில் சொல்லுகிறார்கள். பாட்டியின் மாமியாரும் அவர்களில் ஒருத்தியாம்.

தாயார் இதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், கேள்!" என்றார். தம்பி கேட்டான். பாட்டி மூன்று விரல்களைக் காட்டினாள்.

தாயாரும் மூன்று விரல்களைக் காட்டி, "நானும் மூன்று மணிக்குத்தான். உளுந்து மாவை இடித்துப் பிசைந்து வைத்தால்தான் விடிவதற்குள் அப்பளம் இட முடியும்" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். தகப்பனார் காலமானபோது நமக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. தாயார் அப்பளம் இட்டு விற்று எங்களைப் படிக்க வைத்தது ஊரறிந்த விஷயம். ஆனால் நாம் கண் விழிக்கும்போது அப்பளங்கள் முறத்தில் காய்ந்துகொண்டிருக்கும். அவை எப்போது பிறந்தன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாற்பத்தாறு வயதில், கடல் கடந்து வந்து, பாஷை தெரியாத ஒரு கிழவியின் மூன்று விரல்களால் அதை அறிந்தோம்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். பாட்டி தாயாரின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். தாயாரும் அவள் கையைத் தடவிப் பார்த்தார். அதற்குத் தம்பியின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது தாயார், "நாளைக் காலையிலும் இங்கேயே வரலாமா?" என்று கேட்டார். இரண்டு நாளாகப் பசியில்லாதவர் கேட்ட கேள்வி அது.