மெத்தை வாள்

மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணில் ஒரு சிலம்பக் கம்பு கிடக்கிறது. முப்பது வருஷமாக நான் அதைத் தொட்டதில்லை. தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் வாத்தியார் எங்களுக்குக் காலடியும் வரிசையும் சொல்லிக் கொடுத்த காலம் அது. ஒரு நாள் ஜோடியாக ஆடும்போது, நிற்க வேண்டிய இடத்தில் என் கை நிற்கவில்லை. சிநேகிதனின் புருவத்துக்கு மேலே ஏழு தையல். கண் தப்பியது தெய்வாதீனம். அவன் சிரித்தான், நான் கம்பைப் பரணில் போட்டுவிட்டேன்.

என் மகளுக்கு இந்தக் கதை தெரியாது. 2021-இல் டோக்கியோவில், இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாள்வீச்சுக்குப் போன முதல் ஆளாகச் சென்னைப் பெண் பவானி தேவி நின்றார் அல்லவா? ஆரம்பத்தில் அவர் பழகியதும் மூங்கில் கம்பில்தான் என்று எங்கோ படித்துவிட்டு வந்து, "எனக்கும் ஒரு வாள் செஞ்சு குடுப்பா" என்றாள்.

மூங்கில் வேண்டாம் என்றேன். ஒரு பிளாஸ்டிக் குழாய், குளிர்சாதன மெக்கானிக்குகள் செப்புக் குழாய்க்குப் போர்த்தும் கறுப்பு நுரை உறை, ஒரு சுருள் துணி டேப் - இவ்வளவுதான் சாமான். இரண்டு வாள்கள் செய்தேன். செய்யும்போதுதான் தெரிந்தது, விஷயம் எல்லாம் நுனியில் இருக்கிறது என்று. குழாயின் வாயை மூடாவிட்டால், குத்தும்போது அது உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வாயை அடைத்து, அதற்கு மேலும் கொஞ்ச தூரம் வெறும் நுரையாகவே விட வேண்டும். ஜப்பானியரின் பயிற்சி வாள் நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. பட்டை பிரிந்து எதிராளியின் கண்ணில் பாயாமல் இருக்க அவர்களும் நுனிக்குத் தோல் குல்லாய் மாட்டுகிறார்கள்.

மொட்டை மாடியில் ஆடினோம். தோளில், இடுப்பில், காதோரத்தில் என்று ஐந்தாறு அடி வாங்கினேன். நான் ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அடிக்கிறதுக்கு முன்னாடியே கையை இழுத்துக்கிறியேப்பா! இது பொய் ஆட்டம்" என்றாள்.

உண்மைதான். வெறுங்கம்பு எனக்குப் பயத்தைக் கொடுத்திருந்தது. மெத்தை அவளுக்குத் துணிச்சலைக் கொடுத்துவிட்டது. வேண்டிய இடத்தில் நிற்கிற கை எங்கள் இருவருக்குமே வாய்க்கவில்லை. சிலம்பப் போட்டியில் தொட்டாலே புள்ளி. எலும்பை முறிக்க வேண்டியதில்லை. தொடுவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த அரை அங்குலத்தை நான் அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவேன்?

மறு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். அடி பட்ட சிநேகிதன் கம்பை விடவே இல்லை. மேல வீதியில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம் பெற்றதிலிருந்து கூட்டம் அதிகமாம்.

என் வாளை வாங்கி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். புருவத்துத் தழும்பு சுருங்கியது.

"குழாய் தட்டுதுடா. இன்னும் ரெண்டு விரல்கடை நுரை வை."

பிறகு சுவரில் சாய்த்திருந்த வெறுங்கம்பு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். "குழந்தை பார்க்கட்டும். முதல்லே நீ என் சட்டையைத் தொடு. உடம்பு வேண்டாம், சட்டையை மட்டும்."

வாங்கிக்கொண்டேன். கை நடுங்கியது. அவன் நகரவில்லை.