வருமானமும் மானமும்

இலங்கையில் கல்வி இலவசம் என்பது யாவரும் அறிந்ததே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த கல்விக்கான விசேட குழு 1943 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே, 1945 ஆம் ஆண்டு முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டலாயிற்று. ஆயினும், கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. தங்குமிடம், உணவு, பஸ் பயணம், நூற்பிரதிகள் என மாதந்தோறும் செலவு வந்து நிற்கும். அச்செலவைத் தாங்க இயலாதோர்க்கென அமைந்தவை மகாபொல புலமைப்பரிசிலும் பர்சரி எனப்படும் உதவிப்பணமும் ஆகும். அவற்றைப் பெற விரும்பும் மாணவர் தம் குடும்பத்தின் வருமானத்தை எழுத்தில் நிறுவ வேண்டும். அவ்வாறு நிறுவுதல் எல்லோர்க்கும் ஒரே அளவு எளிதன்று என்பதைக் கிராண்ட்பாஸ் மாணவி ஒருத்தியின் அனுபவம் நன்கு உணர்த்தும்.

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் பெரிய ஓடத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்றொடரிலிருந்து வந்தது. களனி ஆற்றைக் கடப்பதற்கு அங்கே முதலில் ஓடங்களும், பின்னர் 1822 இல் அமைந்த படகுப்பாலமும் இருந்தன. 1895 இல் விக்டோரியாப் பாலம் திறக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து வந்த தேயிலையும் பிற பண்டங்களும் தங்கிச் செல்லும் களஞ்சியங்கள் இப்பகுதியிற் பெருகின. அவற்றில் மூட்டை சுமப்போரைக் கொழும்புத் தமிழ் ‘நாட்டாமை’ என்று அழைக்கும். தமிழகத்தில் ஊர்த்தலைவனைக் குறிக்கும் சொல், இங்கே சுமை தூக்குவோனைக் குறிப்பது சொல்லின் விளையாட்டு மட்டுமன்று. வாழ்வின் விளையாட்டும் ஆகும்.

அம்மாணவியின் தந்தை அத்தகைய நாட்டாமைகளுள் ஒருவர். இளமையில் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். ஒற்றையறை வீடுகள் நெருங்கி நிற்கும் வரிசையொன்றில், பொதுக் குழாயடிக்கு அண்மையில், ஐவர் கொண்ட அக்குடும்பம் வாழ்ந்தது. மூத்தவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் அனுமதி கிடைத்தபொழுது அவ்வரிசை முழுவதும் மகிழ்ந்தது. அதற்கடுத்த வாரமே உதவிக்கான விண்ணப்பப் படிவம் அவ்வீட்டின் மேசைமீது வந்து அமர்ந்தது.

மாதச் சம்பளம் பெறும் ஒருவருடைய பிள்ளைக்கு இதனைப் பூர்த்தி செய்வது அரைநாள் வேலை. சம்பளச் சிட்டையை இணைத்து அலுவலகத் தலைவரின் கையொப்பத்தைப் பெற்றால் போதும். நாட்கூலி பெறுபவரின் வருமானமோ எந்த ஏட்டிலும் இல்லை. கொழும்புத் தேயிலை ஏலம் வாரந்தோறும் நடைபெறுவது. ஏலத்துக்கு முன்னும் பின்னும் களஞ்சியத்தில் வேலை குவியும். விடுமுறைகள் தொடர்ந்து வந்தால் கை வெறுமையாகும். ஒரு மாதம் இருபத்தாறு நாள் வேலை, மறுமாதம் பதினான்கு நாள் வேலை. ஆண்டு வருமானம் யாது என்னும் ஒற்றைக் கோட்டில் இவ்வேற்றிறக்கத்தை எவ்வாறு எழுதுவது?

தொழில் வழங்குநரின் கடிதம் வேண்டும் என்றார்கள். தந்தை தாம் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்த இடத்திற் கேட்டார். பொறுப்பாளர் நல்லவர்தாம், ஆயினும் அவருடைய பேனா தயங்கியது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியரின் ஊதியத்தில் நூற்றுக்கு 8 பங்கும் முதலாளியின் பங்காக 12 பங்கும் செலுத்தப்படல் வேண்டும். அவருக்கு அவ்வாறு எதுவும் செலுத்தப்படவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் என எழுதினால் அந்த எண்ணே சாட்சியாகிவிடும். ஆகவே, ‘இடைக்கிடை வேலைக்கு வருபவர்’ என ஒரு வரி எழுதிக் கொடுக்கப்பட்டது. தந்தை அதனை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை.

கடிதம் போதாமையால் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று. அங்கே வேறொரு சிக்கல் எழுந்தது. தந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறிய பெயர். மகளின் பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்தே இல்லாத பெயர். மூவரும் ஒருவரே என்று மற்றுமொரு கடதாசி சொல்ல வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இரு நாடுகளுக்கெனப் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே முழுமையான தீர்வை நெருங்கிய ஒரு சமூகத்திற் பிறந்தவர் அவர். கடதாசி என்றாலே அவர் அஞ்சியதில் வியப்பில்லை.

ஆயினும் அவருடைய தயக்கத்துக்கு அச்சம் மட்டும் காரணமன்று. “நம்ம கஷ்டம் நம்ம வீட்டோட இருக்கட்டும்” என்பதே அவர் வாழ்நாள் முழுதும் காத்த நெறி. கடன் பட்டபோதும் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை வெள்ளை குறையாமற் பார்த்துக்கொண்டவர். மறைத்துக் காத்த வறுமையை இப்பொழுது எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை பெற்று, அந்நியர் மேசையில் வைக்கும்படி அரசு கேட்டது. வருமானம் என்னும் சொல்லின் உள்ளே மானம் என்னும் ஒலி கேட்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

வள்ளுவர் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். வறுமையும், இரத்தலும், இரத்தலுக்கு அஞ்சுதலும் ஒரே மனிதனின் உள்ளத்தில் அடுத்தடுத்து நிகழ்வன என்பதை அவ்வைப்புமுறை காட்டுகின்றது எனலாம். தந்தை நின்றது மூன்றாவது இடத்தில். ஆனால் உதவிப்பணம் கோருதல் இரத்தலாகுமா? 1981 ஆம் ஆண்டிற் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம், அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் உருவானது. மகாபொல எனிற் பெருஞ்சந்தை என்பது பொருள். அப்பெயர் கொண்ட கண்காட்சிச் சந்தைகளிலிருந்தும், அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்திலிருந்தும் அந்நிதிக்குப் பணம் சேர்ந்தது. சந்தைக்கு மூட்டை சுமந்தவரும், கூலி வாங்கிய மாலையில் ஒரு லொத்தர்ச் சீட்டு வாங்கியவரும் அதிற் பங்காளரே. தாம் இட்ட கலத்திலிருந்து தம் பிள்ளைக்கு ஒரு பிடி கேட்பது இரத்தலன்று. மகள் இதனை விளக்கியபோது தந்தை மறுக்கவில்லை, உடன்படவும் இல்லை. கையொப்பம் மட்டும் இட்டார்.

இறுதியாக நின்றது தாயின் வருமானம். விடியற்காலையில் இடியப்பம் அவித்து அயலிலுள்ள இரு கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை, சாட்சி இல்லை. “எழுதாத சல்லிய யாரு தங்கச்சி கேக்கப் போறாங்க? விட்டுரு” என்றார் அயல்வீட்டார் ஒருவர். அவர் தீயவரல்லர், பலரும் அவ்வாறே செய்வதைக் கண்டவர். வருமானம் குறைந்தால் உதவி கிடைக்கும் வாய்ப்புக் கூடும். மாணவியின் மனமும் அசைந்தது. நிதி ஓர் எல்லைக்கு உட்பட்டது. குறைத்து எழுதும் ஒருவர் பெறும் இடம் உண்மை எழுதிய வேறொருவர் இழக்கும் இடமாகலாம் என்பதையும் அவள் அறிவாள். இரண்டுக்கும் இடையில் அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.

விடை தாயிடமிருந்து வந்தது. “எழுதாம விட்டா நான் சும்மா இருந்தேன்னு ஆயிரும் புள்ள. மூணு மணிக்கு எந்திரிக்கிறது யாரு?”

அதுவரை பாடசாலைப் பதிவேடு முதலிய எல்லாப் படிவங்களிலும் தாயின் தொழில் என்னுமிடத்தில் ஒரு கோடே இழுக்கப்பட்டிருந்தது. தந்தைக்கு எழுதப்படுவது வறுமையாகத் தோன்றியது. தாய்க்கோ எழுதப்படுவது உழைப்பாகத் தோன்றியது. ஒரே படிவம் ஒருவரின் மானத்தைக் கேட்க, மற்றவருக்கு மானத்தை அளித்தது. ‘இடியப்பம் தயாரித்து விற்றல்’ என மகள் எழுதினாள்.

கிராம சேவகர் என்றே மக்கள் இன்றும் அழைக்கும் கிராம உத்தியோகத்தர் அவ்வரியிற் சற்று நின்றார். மா, தேங்காய், எரிவாயு ஆகியவற்றின் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்று சிங்களத்திற் கேட்டார். அவர்கள் எழுதியிருந்ததோ விற்றுமுதல் முழுவதும். செலவைக் கழித்துப் பார்க்கையில், தாயின் உழைப்புக்கு எஞ்சியது அதில் மூன்றிலொரு பங்கே. அவர் எண்ணைத் திருத்தச் சொல்லி, பிரதேச செயலகத்தின் மேலொப்பத்துக்கு அனுப்பினார். உண்மையை முழுமையாக எழுதவும் ஒரு கணக்கறிவு வேண்டும். அதனைக் கற்பிப்போர் இல்லாமையால் நேர்மையானவர்களே சில வேளை தம்மைச் செல்வராகக் காட்டிக்கொள்கின்றனர்.

2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மாதாந்த மகாபொல தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவிப்பணத்தை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது. தொகை உயர்ந்தமை நன்று. அதனைப் பெறும் வழியில் நிற்போருக்கு, தொகையை விட முன்னதாகத் தேவைப்படுவது படிவத்தை உடனிருந்து நிரப்பித் தரும் ஒரு துணை. முதலாண்டு மாணவரை வரவேற்கும் மூத்த மாணவர் அத்துணையை ஒரு பிற்பகலில் அளித்துவிட முடியும்.

அம்மாணவிக்கு உதவிப்பணம் கிடைத்தது. முதற்தவணை கைக்கு வரச் சில மாதங்கள் சென்றன. படிவத்தின் பிரதியொன்று அவ்வீட்டில் இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் தகரப்பெட்டியில் அதனையும் சேர்த்து வைத்தவள் தாய்.