தங்கமலை அடிவாரத்திலிருந்து அக்காவுக்கு

அப்புத்தளை,
ஞாயிறு காலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. அத்தானுக்கு முழங்கால் வலி எப்படியிருக்கிறது? நீங்கள் பேசி அனுப்பியதைக் கேட்டேன். பதிலுக்கு நானும் பேசி அனுப்பலாமென்றால் பாதியில் சிக்னல் அறுந்துபோகிறது. தவிர, இது பேசித் தீர்கிற விஷயமும் இல்லை. எழுதி முடித்ததும் பேரன் படம் பிடித்து அனுப்புவான். கண்ணாடி போட்டு நிதானமாகப் படியுங்கள்.

டேன்டீ என்கிற உங்கள் அரசாங்கத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2022இல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆணை போட்டது இங்கேயும் செய்தியாக வந்தது. அதிலிருந்து உங்கள் காலனியில் ஒரே பேச்சு, ஆளுக்கொரு கதை, யாருக்கும் தூக்கமில்லை என்கிறீர்கள். "உங்க ஊர்ல காட்டுச் சட்டம் எப்படிடி, அங்கயும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்த பழக்கம் என்னை விடாது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நம்ம லயத்துக்கு மேலே இருக்கிற தங்கமலையிலிருந்தே தொடங்குகிறேன். ஆதிஷாம் பங்களாவைத் தாண்டி, இதல்கஸ்ஹின்ன ரயில்பாதைப் பக்கம் இறங்குகிற காடு. நாம் சின்னப்பிள்ளைகளாக விறகுக்குப் போய், காவல்காரன் சத்தம் கேட்டுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த அதே காடு. அது 1938இலேயே சரணாலயமாகிவிட்டது. அதற்கு முந்தின வருடம் வெள்ளைக்காரன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்திருந்தான், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களானது அதன் கீழேதான். எத்தனையோ தரம் திருத்தினார்கள், 2009இல் பெரிதாகத் திருத்தினார்கள். ஆனாலும் அடித்தளம் இன்றைக்கும் அந்த 1937தான்.

இந்தச் சட்டம் எல்லாக் காட்டையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை, அக்கா. கடும் இயற்கை ஒதுக்கம் என்று ஒன்று உண்டு, அதற்குள் ஆராய்ச்சிக்காரர்கூட அனுமதியில்லாமல் கால்வைக்க முடியாது. நுவரெலியாப் பக்கம் ஹக்கல அப்படித்தான். தேசிய பூங்காவென்றால் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். இயற்கை ஒதுக்கத்தில் பழைய காலத்திலிருந்து நடந்துவருகிற சில காரியங்களைத் தொடர விடலாம். தேசிய ஒதுக்கம் என்ற பொதுப்பெயரில் வருகிற இவையெல்லாம் அரச காணியில் மட்டும்தான். சரணாலயம் மட்டும் வேறு: அரச காணியும் தனியார் காணியும் கலந்து வரலாம். தனியார் காணியில் சொந்தக்காரன் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், மிருகத்தை மட்டும் தொடக்கூடாது. இன்னொன்று, 1993இல் சேர்த்தது: தேசிய ஒதுக்கம் எதுவானாலும் அதன் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை ஏதும் செய்வதானால் வனசீவராசிகள் திணைக்களத் தலைவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும்.

படிக்க நல்ல சட்டம். காட்டை இந்த அளவுக்காவது காப்பாற்றியது இதுதான், அதை நான் மறுக்கமாட்டேன். நம்ம பீலித் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? 1873இல் கியூ தோட்டத்து ஹூக்கர் என்ற தாவர அறிஞர் சொல்லித்தான், 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாதென்று உத்தரவு வந்தது. அதற்குள் கோப்பித் தோட்டக்காரன்கள் கீழே எல்லாவற்றையும் மொட்டையடித்திருந்தார்கள். அப்புத்தளை டவுன் ஏறத்தாழ 4,700 அடி. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: லயம் கோட்டுக்குக் கீழே, காடும் ஊற்றும் கோட்டுக்கு மேலே. ஓர்ட்டன் சமவெளி இன்றைக்குத் தேசிய பூங்காவாக இருப்பதற்கும் அந்தக் கோடுதான் முதல் காரணம். கச்சான் அடிக்கிற மாதங்களில் மாணாப்புல்லில் நெருப்பு வைத்துவிட்டு யாரோ போய்விடுவான்கள், மலை முழுக்கக் கருகும். அந்தக் காலத்திலும் தங்கமலைக்குக் கீழே பீலி வற்றுவதில்லை.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். சட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் முதல் கேள்வி "காணி யாருடையது?" என்பதுதான். காணி உறுதி வைத்திருக்கிறவனுக்கு ஒரு நியாயம், அரச காணிக்கு ஒரு நியாயம். நாம் எதில் சேர்த்தி? தோட்டத்தை 70களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. கம்பனி குத்தகைக்காரன், மண் அரசாங்கத்தினுடையது. நாளைக்கே வர்த்தமானியில் ஒரு வரி போட்டு மேல்மலையைத் தேசிய ஒதுக்கமாக்கினால் பேச்செல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் கம்பனிக்கும் நடுவில்தான். நான்காம் தலைமுறையாகக் கொழுந்து எடுக்கிறவள் அந்தக் காகிதத்தில் எங்கேயும் வரமாட்டாள். ஏழு பேர்ச் காணியும் உறுதியும் தருகிறோமென்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறார்களே, அதை நான் வெறும் வீட்டு விஷயமாகப் பார்ப்பதில்லை. கையில் உறுதி இருந்தால்தான் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கே நாம் தெரிவோம்.

போன வருடம் கீழ் லயத்துப் பையன் ஒருவன் போஞ்சித் தோட்டத்தோரம் கண்ணி வைத்திருந்தான். மோட்டார் சைக்கிள் கிளச் வயர். கொய்யா மரத்தூரில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கி, வளையத்தைப் புல்லோடு புல்லாக அரையடி உயரத்தில் விட்டிருந்தான். கிட்டக் குனிந்து பார்த்தாலொழியத் தெரியாது. "பன்றிக்குத்தான் டீச்சர்" என்றான். சிறுத்தை வந்து மாட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நம்ம நாட்டில் சிறுத்தையை முழுப் பாதுகாப்பில் வைத்திருக்கிறார்கள், பிடிபட்டால் ஜாமீனுக்கு அலையவேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிக் கண்ணியில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அதைச் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டு, "அப்ப பன்றி உழுதுட்டுப் போற போஞ்சிக்கு யாரு டீச்சர் பொறுப்பு?" என்றான். வேலி போடக் காசில்லை, காசிருந்தாலும் தோட்டத்து மண்ணில் வேலி போட அனுமதி கேட்கவேண்டும். கண்ணியை அவிழ்க்க வைத்தேன். பதில் சொன்னதாக நினைக்கவில்லை.

கையில் காகிதமில்லாத சனத்தின் கதைக்கு மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலையின் நிலைமை தெரிந்திருந்தது. அங்கேயிருந்து எழும்பிப் போகிற சனம் எங்கே போய்ப் படுக்கும் என்பதற்குத்தான் யாரிடமும் காகிதமில்லை.

இனி உங்கள் பக்கம். இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு விதத்தில் நம்முடையதைவிட மேல். ஓரிடத்தைச் சரணாலயமாக்கப் போகிறோமென்றால் அங்கே யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரிக்கவேண்டும், அறிவிப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் காலனி நிலம் முதலிலேயே காட்டு நிலம். திருப்பி எடுத்து வெறும் காப்புக்காடாக வைத்துக்கொள்வதென்றால் அந்த விசாரணைக்கு வேலையே இல்லாமல் போகலாம். அதனால் ஆட்கள் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: எந்த சர்வே நம்பர், எந்த வகைக் காடு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2006 வன உரிமைச் சட்டத்தைப் பற்றி உங்கள் மருமகன் சொன்னாரே, அதையும் வாசித்தேன். வாசித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழங்குடியினருக்கு ஒரு கணக்கு. மற்றவர்களானால் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டில் வாழ்ந்திருக்கவேண்டும். 1930க்குப் போகவேண்டும், அக்கா! 1930இல் நம்ம தாத்தா இங்கே இந்த மலையில்தான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். 1964இல் சிரிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேரை அந்தப் பக்கம் தள்ளிய பிறகுதானே உங்களுக்கு அந்தக் காடே தெரியும். நீங்கள் போகாமல் இருந்திருந்தால் 75 என்ன, 150 வருடத்துக்கே கணக்குக் காட்டலாம். ஆனால் அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. அங்கே சட்டம் இருக்கிறது, வருடம் இல்லை.

அதனால் அந்த வழியை நம்பி இருக்கவேண்டாமென்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு பலம் உண்டு. நீங்கள் காட்டில் போய்க் குந்திக்கொண்டவர்கள் இல்லை. இரண்டு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு, கப்பலேற்றி, மண்டபம் முகாமில் வைத்து, தாயகம் திரும்பியோருக்கென்றே தேயிலை நட்டு, வேலை என்று சொல்லிக் கொண்டுபோய் விட்டார்கள். யானை வாசலில் நிற்கிற இடத்தில் தேயிலை போட்டது நீங்கள் எடுத்த முடிவா? காட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும், யானைக்கும் வழி வேண்டும்தான். ஆனால் கொண்டுவந்து விட்டவர்கள்தான் வேறு கூரைக்கும் பொறுப்பு. அதைக் காகிதத்தோடு பேசவேண்டும்.

பெட்டியைக் கிளறி இதையெல்லாம் தேடி எடுங்கள்: கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த தாள்கள், வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். புத்தகம். செல்லரித்திருந்தாலும் எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து எனக்கும் அனுப்புங்கள், ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும். அத்தானின் பிறப்புப் பதிவு உங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள். மகன் வருகிற வாரம் பதுளைக் கச்சேரிக்குப் போகிறான், தேடச் சொல்கிறேன்.

யார் என்ன தாள் நீட்டினாலும் நான் வாசிக்கும்வரை கையெழுத்துப் போடவேண்டாம். கைநாட்டும் வேண்டாம், அத்தானிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புத் தங்கச்சி